நிமிர்த்தி வைத்த கார்டு

எங்கள் பஞ்ச் ரூமில் ஒருத்தி குத்திய கார்டை அவளே சரிபார்க்கக் கூடாது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே இதைச் சொல்லிவிடுவார்கள். மற்றதெல்லாம் போகப் போகத் தெரிந்துகொள்ள வேண்டியதுதான்.

ஆழ்வார்பேட்டையில் ஒரு கம்பெனியின் முதல் மாடி அது. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஏஸி போட்ட மெஷின் ரூம். கம்ப்யூட்டர் அங்கே இருந்தது. இந்தப் பக்கம் நாங்கள் பதினோரு பெண்கள், மூன்று மின்விசிறி. அந்த மெஷின் படிக்கும்படியாக, நீளமான கெட்டி அட்டைகளில் ஓட்டை போட்டுக் கொடுப்பது எங்கள் வேலை. டைப் அடிப்பது போலத்தான். ஒரு விசையைத் தட்டினால் ஒரு எழுத்துக்கு உரிய ஓட்டை விழும். அட்டையின் மேல் ஓரத்தில் அந்த எழுத்தைச் சின்னதாக அச்சிட்டும் காட்டும்.

நான் குத்தி முடித்த கார்டுகள் தட்டோடு என் ஜோடியிடம் போகும். அவள் அவற்றை வெரிஃபையர் என்ற இன்னொரு மெஷினில் போட்டு, அதே தாளைப் பார்த்து, அதே எழுத்துகளை முதலிலிருந்து தட்டுவாள். அவள் தட்டுவதும் என் ஓட்டையும் ஒத்துப்போனால் மெஷின் சத்தமில்லாமல் கார்டின் வலது ஓரத்தில் ஒரு சின்னப் பிறை வெட்டிவிடும். ஒத்துப்போகாவிட்டால் விசைகள் பூட்டிக்கொண்டு சிவப்பு விளக்கு எரியும். மூன்று முறை பார்த்தும் ஒத்து வராவிட்டால் தப்பான இடத்துக்கு மேலே வெட்டு விழும். அப்படி வெட்டு விழுந்த கார்டைத் தட்டில் படுக்க வைக்காமல் நிமிர்த்தி வைத்துத் திருப்பி அனுப்புவாள். வாயால் ஒன்றும் சொல்ல மாட்டாள். யாரும் சொல்வதில்லை, அதுதான் வழக்கம். நிமிர்ந்து நிற்கும் கார்டைப் பார்த்ததும், குத்தியவள் அதை எடுத்து, புதுக் கார்டில் முழுவதையும் திரும்பக் குத்த வேண்டும். விழுந்த ஓட்டையை அடைக்க முடியாதே.

இதை வீட்டில் சொன்னபோது அம்மா சிரித்தாள்.

"இதுக்கு ஒரு மெஷினா? என் கூடைய நானே மோந்து பாத்தா நாத்தம் தெரியுமா? வாங்குறவதான் மூக்கைச் சுளிப்பா."

அம்மா மந்தைவெளியிலும் ஆழ்வார்பேட்டையிலும் தெருத் தெருவாக மீன் விற்பவள். நைனா கட்டுமரத்தில் மீன் பிடிக்கிறவர். எங்கள் வீடு பட்டினப்பாக்கத்தில், கடல் சத்தத்தில் பேச்சுக் கேட்காது என்று எல்லோரும் உரக்கப் பேசும் இடத்தில். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். கார்ப்பரேஷன் பள்ளியில் தமிழ் வழியில் பதினொன்றாவது வரை படித்தேன். பிறகு மயிலாப்பூரில் ஒரு இன்ஸ்டிடியூட்டில் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்தேன். ரேஷன் கார்டு, கோர்ட்டு நோட்டீஸ், ஆஸ்பத்திரிச் சீட்டு என்று எந்தக் காகிதம் தெருவுக்குள் வந்தாலும் நான்தான் படித்துச் சொல்வேன். அதில் எனக்குக் கர்வம் இருந்தது. இப்போதும் இருக்கிறது. அதை மறைத்து எழுதினால் இந்தக் கதை புரியாது.

என் ஜோடி மயிலாப்பூர் பெண். தெப்பக்குளத்துக்கு மேற்கே அவள் வீடு. அப்பா கல்லூரியில் ஆங்கில வாத்தியார், தாத்தா வக்கீல். சாயங்காலம் இருவரும் சேர்ந்து லஸ் முனை வரை நடப்போம். அங்கிருந்து அவள் குளத்தின் பக்கம் திரும்பிவிடுவாள், நான் நேரே கடலைப் பார்த்து நடப்பேன். பதினான்கு மாதம் அப்படி நடந்திருக்கிறோம். அவள் வீட்டுக்கு நான் போனதில்லை. என் வீட்டுக்கு அவளை நான் கூப்பிட்டதும் இல்லை.

ஒரு நாள் நோட்டீஸ் போர்டில் ஒரு தாள் ஒட்டினார்கள். மெஷின் ரூமுக்கு இரண்டு ஆபரேட்டர் வேண்டும், பஞ்ச் ரூமில் இருப்பவர்களும் விண்ணப்பிக்கலாம் என்றிருந்தது. அதுவரை அந்தக் கண்ணாடிக்குள் ஆண்கள் மட்டும்தான் வேலை பார்த்தார்கள். எங்கள் அறையில் விண்ணப்பம் கொடுத்தவள் நான் ஒருத்திதான். ஆளுக்கு ஒரு தலைப்புக் கொடுத்து, அதிகாரிகள் முன்னால் நின்று பத்து நிமிடம் ஆங்கிலத்தில் விளக்கச் சொல்வார்கள். என் தலைப்பு, கம்ப்யூட்டரோடு சேர்ந்து வேலை செய்யும் துணைக்கருவிகள். கார்டு படிக்கும் மெஷின், வரி வரியாக அச்சடிக்கும் பிரிண்டர், டேப் சுழலும் அலமாரி, இவை எல்லாவற்றுக்கும் சேர்த்து ஆங்கிலத்தில் ஒரே பெயர். அந்தப் பெயரை நான் புத்தகத்தில் பார்த்திருக்கிறேனே தவிர யார் வாயிலும் கேட்டதில்லை. மெஷின் ரூம் ஆட்கள் ஒவ்வொன்றையும் தனிப் பெயரால்தான் சொல்வார்கள்.

எழுதி வைத்த பேச்சில் எண்ணிப் பார்த்தேன். இருபத்தொரு இடத்தில் அந்தச் சொல் வந்தது.

தெரியாத ஆங்கிலச் சொல்லைத் துண்டு போட்டுப் படிப்பது என் பழக்கம். தமிழில் நான் நல்ல மார்க் வாங்கியவள். செய்யுளை அசை பிரித்து வாய்பாடு எழுதச் சொன்னால் வகுப்பில் முதலில் முடிப்பது நான்தான். ஒரு குறில் ஒற்றோடு வந்தால் நேர், இரண்டு குறில் சேர்ந்து வந்தால் நிரை. அந்தக் கை பழகிய பழக்கத்தில் இதையும் பிரித்தேன். பெரி, பெரல். நிரை நிரை. வாய்பாடு கருவிளம். நோட்டில் தமிழ் எழுத்தில் பெரிபெரல் என்று எழுதி, நடுவில் கோடு போட்டு, அடியில் கருவிளம் என்றும் எழுதிக்கொண்டேன். அவ்வளவு நிச்சயம் எனக்கு.

காலையில் கட்டுமரங்கள் கரையேறும் நேரத்தில், மணலில் தள்ளி நின்று கடலைப் பார்த்துப் பேசிப் பழகினேன். பெரி என்று அழுத்தி, கொஞ்சம் நின்று, பெரல் என்று இழுத்து முடிப்பேன். அலைக்கு மேலே கேட்க வேண்டும் என்று கத்தித்தான் சொல்வேன். பக்கத்து வீட்டு அக்கா கூடையோடு நின்று கேட்டுவிட்டு அம்மாவிடம் போனாள்.

"இன்னாக்கா, உன் பொண்ணுக்கு இங்கிலீஷ் பேய் புச்சிக்கிச்சா? கடலாண்ட நின்னு பெரிபெரி பெரிபெரின்னு கத்திக்கினு கீது."

"கத்தட்டும்டி. அது கத்துனா ஏஸி ரூம்ல குந்த வெச்சு சம்பளம் தருவான். நீ கத்துனா கத்திரிக்காகூடத் தர மாட்டான்" என்றாள் அம்மா.

வாரம் முழுவதும் இப்படிப் போயிற்று. ஒரு நாள் மதியம், சாப்பாட்டு நேரத்தில் அறை காலியாக இருந்தது. சுவரைப் பார்த்து நின்று மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். என் ஜோடி தண்ணீர்க் கூஜாவோடு உள்ளே வந்தவள், வாசலிலேயே நின்று கொஞ்ச நேரம் கேட்டிருக்கிறாள்.

"ஏண்டி, நன்னாப் பேசறே. ஆனா அந்த வார்த்தை அப்படி இல்லடி."

நான் திரும்பினேன்.

"எது?"

"அதான், பெரி, பெரல்னு உடைக்கறயே. அங்க உடைக்கப்படாது. எங்காத்துல அப்பா டிக்‌ஷனரில..."

அவள் முடிக்கவில்லை. நான் விடவில்லை.

"எங்க வீட்ல டிக்‌ஷனரி இல்லதான். அதுக்காக எனக்குப் படிக்கத் தெரியாதுன்னு இல்ல. நீ உன் வேலையப் பாரு."

கூஜாவை மேஜைமேல் வைத்துவிட்டு அவள் போய்விட்டாள். அவள் முகத்தில் கோபம் இருந்ததா என்று நான் பார்க்கவில்லை. எனக்கு எங்கள் பள்ளிக்கு ஒரு முறை வந்த இன்ஸ்பெக்டர்தான் நினைவுக்கு வந்தார். நான் ஆங்கிலப் பாடம் வாசித்தபோது அவர் பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ சொல்லிச் சிரித்தார். என்ன சொன்னார் என்று இன்றுவரை தெரியாது. அன்றைக்கு அந்தச் சிரிப்பை இவள் வாயில் நானே ஒட்டிவைத்தேன்.

நான்கு நாள் தனியாக லஸ் வரை நடந்தேன். அவள் எனக்கு முன்னாலோ பின்னாலோ வந்துகொண்டிருப்பாள். அப்போது தேர்வுக்கு இன்னும் ஏழு நாள் இருந்தது.

அந்த நான்கு நாளும் என் கை கார்டில் இருந்தது, மனம் பேச்சில் இருந்தது. விளைவு தட்டில் தெரிந்தது. வழக்கமாக ஒரு தட்டுக்கு ஒன்றோ இரண்டோ நிமிர்ந்து நிற்கும். நான்காவது நாள் மதியம் வந்த தட்டில் ஒன்பது கார்டு நின்றன. கோழி சிலிர்த்துக்கொண்ட மாதிரி இருந்தது தட்டு. சூப்பர்வைசர் அம்மா அந்தப் பக்கம் வருவதைப் பார்த்து, நான் அவசரமாக ஒன்பதையும் உருவி மடியில் வைத்துக்கொண்டேன். எதிர் வரிசையில் என் ஜோடி தலை நிமிரவில்லை. விரல்கள் ஓடிக்கொண்டே இருந்தன. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சூப்பர்வைசர் காதில் விழுந்திருக்கும். மெஷின் ரூமுக்குப் போக நினைக்கிறவள் ஒரே தட்டில் ஒன்பது தப்பு விட்டாள் என்ற செய்தி சாயங்காலத்துக்குள் அதிகாரிகளிடம் போயிருக்கும். அவள் சொல்லவில்லை. கோபம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவள் செய்வது அதைத்தான்.

ஒன்பதையும் திரும்பக் குத்திக்கொண்டிருந்தபோது ஒன்று தோன்றியது. பதினான்கு மாதமாகத் தினமும் இவள் என் தப்புகளைக் கண்டுபிடித்து நிறுத்தி வைக்கிறாள். ஒரு நாளும் எனக்கு அவமானமாக இருந்ததில்லை. எடுத்தேன், திரும்பக் குத்தினேன், அவ்வளவுதான். கார்டு கம்பெனியுடையது. ஆனால் அந்தச் சொல் என் வாயில் இருந்தது. வாய் என் வீட்டிலிருந்து வந்தது. அதனால்தான் எரிந்தது. ஆனால் கார்டில் செய்யக் கூடாததை அந்தச் சொல்லில் செய்திருக்கிறேன், நானே குத்தி நானே சரிபார்த்திருக்கிறேன். கடலைப் பார்த்து நூறு முறை கத்தினாலும் கடல் சிவப்பு விளக்குப் போடாது.

மன்னிப்புக் கேட்க எனக்கு வராது. வீட்டில் நாங்கள் யாரும் கேட்பதில்லை. சண்டை போட்டால் மறுநாள் ஒரு கிண்ணம் குழம்பு கொடுத்தனுப்புவோம், அதுதான் எங்கள் மன்னிப்பு. மயிலாப்பூர் வீட்டுக்கு மீன் குழம்பு கொடுக்க முடியாது. ஆகவே ஒரு வெற்றுக் கார்டை எடுத்து மெஷினில் செருகினேன். அந்த ஒரு சொல்லை மட்டும், இடைவெளி விடாமல் முழுதாகக் குத்தினேன். அடுத்த தட்டை அனுப்பும்போது எல்லாக் கார்டுக்கும் முன்னால் அதை நிமிர்த்தி வைத்தேன்.

நிமிர்ந்த கார்டு எப்போதும் அவளிடமிருந்துதான் என்னிடம் வரும். என்னிடமிருந்து அவளிடம் போனது அதுதான் முதல் முறை. அவள் தட்டை இழுத்தாள். கார்டை எடுத்தாள். மேல் ஓரத்தில் இருந்த எழுத்தை வாசித்தாள். என்னைப் பார்க்காமல் அதைக் கைப்பைக்குள் செருகிக்கொண்டு வேலையைத் தொடர்ந்தாள்.

மறுநாள் காலை முதல் தட்டில் வேறொரு கார்டு நிமிர்ந்து நின்றது. அதே சொல், நான்கு துண்டாக. ஒவ்வொரு துண்டுக்கும் நடுவில் மூன்று இடம் வெற்றாக விட்டுக் குத்தியிருந்தாள். வெளிச்சத்தில் பிடித்தால் ஓட்டைகள் நான்கு கூட்டமாகத் தெரிந்தன. முதல் கூட்டம் சின்னது, இரண்டாவது பெரியது, கடைசி இரண்டும் சின்னவை. நான் கோடு போட்ட இடத்தில் உடைப்பே இல்லை. இரண்டாவது துண்டின் கீழே பென்சிலால் தடித்து ஒரு கோடு இழுத்திருந்தாள்.

அன்று சாயங்காலம் படி இறங்கும்போது எனக்காக நின்றாள்.

"அப்பா டிக்‌ஷனரிய வெளில எடுத்துண்டு போக விட மாட்டார். அதான் பாத்துண்டு வந்து குத்தினேன். சொல்லு பாப்போம்."

"பெ. ரிஃப். அர். அல்."

"ஒப்பிக்காதேடி. ரிஃப்ல மட்டும் அழுத்து. மூணாவதை முழுங்கிடு, அது இருக்கா இல்லையான்னே தெரியப்படாது."

"பெரிஃப்ரல்."

"இன்னொரு தரம்."

"பெரிஃப்ரல். பெரிஃப்ரல்." நடந்துகொண்டே விரலில் எண்ணினேன். நடு ரோட்டில் நின்றுவிட்டேன். "ஏய், முழுங்கினா இது நிரை நேர்! புளிமா!"

"என்னது? புளியா, மாவா?"

"புளிமாடி. நான் கருவிளம்னு எழுதி வச்சிருந்தேன்."

அவள் பள்ளியில் தமிழுக்குப் பதில் சமஸ்கிருதம் எடுத்தவள். நேர், நிரை எதுவும் அவளுக்குத் தெரியாது. லஸ் முனையில் இளநீர் வண்டிக்குப் பக்கத்தில் நின்று அவளுக்குத் தேமாவும் புளிமாவும் சொன்னேன். எல்லாம் மரத்தின் பெயராக இருக்கிறதே, இது இலக்கணமா தோட்டமா என்று கேட்டாள். இளநீர்க்காரர் எங்களைப் பார்த்து, "இன்னாம்மா, வெட்டட்டா வேணாமா?" என்றார். வெட்டச் சொன்னோம்.

குடித்து முடித்ததும் கேட்டேன். முன்பே கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

"நீ ஏன் அப்ளிகேஷன் போடல? உனக்கு இங்கிலீஷ் தண்ணி பட்ட பாடு."

அவள் காலி இளநீரைத் தொட்டியில் போட்டாள்.

"ஷிஃப்ட் உண்டோன்னோ. ஒரு வாரம் ரெண்டு மணிக்குப் போய்ப் பத்து மணிக்கு வரணும். ஆத்துல விட மாட்டா. அப்பாகிட்ட கேட்டேன். சிரிச்சுட்டு, அந்த வேலையெல்லாம் உனக்கு எதுக்குன்னுட்டார். அவர்கிட்ட டிக்‌ஷனரி கேட்டா தருவார். இதைக் கேட்டா தர மாட்டார்."

எங்கள் வீட்டில் பத்து மணிக்கு வருவதைப் பற்றி யாரும் பேசவே இல்லை. நைனா அலையைப் பார்த்து மூன்று மணிக்கு எழுந்து போகிறவர். வேலைக்கு நேரம் உண்டா என்ன? எனக்கு இல்லாததை மட்டும் இத்தனை நாள் எண்ணிக்கொண்டிருந்தேன். அவளுக்கு என்ன இல்லை என்று எண்ணியதே இல்லை.

"நாளைலேர்ந்து முழுப் பேச்சும் சொல்லு" என்றாள். "நான் கேக்கறேன். தப்பு வந்தா வாயால சொல்ல மாட்டேன். கை தூக்குவேன்."

ஐந்து நாள் அப்படியே நடந்தது. கை முதல் நாள் பதினேழு முறை உயர்ந்தது, கடைசி நாள் இரண்டு முறை.

தேர்வு அறையில் மூன்று அதிகாரிகள். நடுவில் இருந்தவர் தலைமை அலுவலகத்திலிருந்து வந்தவர், மற்ற இருவரும் எங்கள் மாடிக்காரர்கள். எனக்கு முன்னால் நான்கு ஆண்கள் பேசி முடித்திருந்தார்கள். கார்டை இடது உள்ளங்கையில் வைத்துக்கொண்டேன். பார்ப்பதற்கு இல்லை, கைக்கு ஒரு துணை வேண்டியிருந்தது.

தொடக்கம் நன்றாக வந்தது. அந்தச் சொல் ஒவ்வொரு முறையும் ரிஃப்பில் அழுந்தி வழுக்கிக்கொண்டு போனது. கார்டு படிக்கும் மெஷினைச் சொன்னேன், டேப்பைச் சொன்னேன். பிரிண்டருக்கு வந்தபோது எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. கண்ணாடிக்கு வெளியே நின்று மாதக்கணக்கில் நான் பார்த்த மெஷின் அது. காகிதம் மடிந்து மடிந்து விழும் அழகைச் சொல்லிக்கொண்டு வேகமாகப் போனேன். அந்த வேகத்தில், கடற்கரையில் நூறு முறை கத்திய பெரிபெரல் வாயிலிருந்து விழுந்தது. முழுதாக, நடுவில் நின்று, இழுத்து.

ஓரத்தில் இருந்த அதிகாரி தலையைக் குனிந்துகொண்டார். உதடு அசைந்ததா என்று எனக்குத் தெரியாது. அறையின் மூலையில் யாரும் கை தூக்கவில்லை, ஆனால் தூக்கியது போலத்தான் இருந்தது.

நிறுத்தினேன். கார்டில் விழுந்த ஓட்டையை அடைக்க முடியாது. ஆங்கிலத்தில், "தவறு. இந்த வாக்கியத்தைத் திரும்பச் சொல்கிறேன்" என்றேன். அந்தச் சொல்லை மட்டும் திருத்தாமல் வாக்கியத்தை முதலிலிருந்து சொன்னேன். சரியாக வந்தது.

நடுவில் இருந்தவர் கேட்டார். "எங்களுக்குப் புரிந்துவிட்டது. ஏன் முழுவதையும் திரும்பச் சொன்னீர்கள்?"

"சார், எங்கள் அறையில் ஒரு எழுத்துத் தப்பினாலும் முழுக் கார்டையும் திரும்பக் குத்துவோம்" என்றேன்.

அவர் எதையோ எழுதிக்கொண்டார். "தொடருங்கள்" என்றார். தொடர்ந்தேன்.

பத்து நாள் கழித்துப் போர்டில் இரண்டு பேரை எழுதிப் போட்டார்கள். ஒருவர் என்னோடு தேர்வுக்கு வந்த ஆண்களில் ஒருவர். இன்னொருத்தி நான். அம்மா அன்று மந்தைவெளியில் மீன் வாங்கிய எல்லோரிடமும் என் வேலையின் பெயரைச் சொல்லியிருக்கிறாள். எப்படிச் சொன்னாள் என்று நான் கேட்கவில்லை. அவள் சொன்னது யாருக்காவது புரியாமல் போயிருந்தால், கூடையை இறக்கி வைத்து விளக்கியிருப்பாள்.

இது நடந்து இரண்டு வருடம் ஆகிறது. இப்போது நான் செருப்பை வெளியே விட்டுவிட்டு அந்தக் கண்ணாடிக் கதவுக்குள் போகிறேன். பஞ்ச் ரூமிலிருந்து கார்டுத் தட்டுகள் ஒரு சின்ன ஜன்னல் வழியாக உள்ளே வரும். சரிபார்த்து முடிந்தவை மட்டுமே வரும் என்பதால் எல்லாம் படுத்துத்தான் இருக்கும்.

மெஷின் ரூமில் சேர்ந்த இரண்டாவது வாரம் ஒரு தட்டில் முதல் கார்டு நிமிர்ந்து நின்றது. எடுத்துப் பார்த்தேன். ஆபரேட்டர்களுக்கான புத்தகத்தில் வரும் ஒரு நீளச் சொல், இடைவெளி இல்லாமல் முழுதாகக் குத்தியிருந்தது. அசிங்க்ரனஸோ என்னவோ. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பார்த்தேன். அவள் குனிந்து தட்டிக்கொண்டிருந்தாள். ஆபரேட்டர் புத்தகத்தை அவளும் படிக்கத் தொடங்கியிருக்கிறாள், அப்பாவின் டிக்‌ஷனரியில் அந்தச் சொல் இல்லை போலிருக்கிறது.

எனக்கும் தெரியவில்லை. டேப் மாட்டிக்கொண்டிருந்த சீனியரிடம் போய்க் கார்டை நீட்டினேன்.

"சார், இதை எங்க உடைக்கணும், எங்க அழுத்தணும்? எனக்குத் தெரியல."

அவர் கையைத் துடைத்துக்கொண்டு இரண்டு முறை சொன்னார். நானும் சொன்னேன். "இல்ல, ரெண்டாவதுல அழுத்துங்க" என்றார். அவர் சொன்னபடி அழுத்திச் சொல்லிக் காட்டினேன். பிறகு திருத்த வேலைக்காக மூலையில் போட்டிருந்த பஞ்ச் மெஷினில் உட்கார்ந்து, துண்டுக்குத் துண்டு மூன்று இடம் விட்டுக் குத்தி, இரண்டாவது துண்டின் கீழே பென்சிலால் கோடு போட்டு, காலித் தட்டில் நிமிர்த்தி வைத்து ஜன்னல் வழியாகத் தள்ளினேன்.